தென் திருவிதாங்கூரில் மனிதர்களை விற்றார்களா?

குழித்துறைப் பக்கத்துத் தங்கை ஒருவர் கேட்டது இது: "கல்லூரியில் அமெரிக்க அடிமை முறையை ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். நம்ம ஊரைப் பற்றிக் கேட்டால், 'இங்கே சாதிக் கொடுமை இருந்தது, அடிமை முறை இல்லை' என்று முடித்துவிட்டார்கள். அது சரியா? நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை அடிமை ஒழிப்புப் போராட்டம் என்று சொல்லலாமா?"

சரியில்லை தங்கச்சி. இருந்தது. விற்றார்கள், வாங்கினார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை; அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் இதைக் கையால் தொட்டிருக்கிறேன். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பக்கம் முப்பது வருடமாக ஆதாரம் (பத்திரம்) எழுதிப் பிழைப்பவன் நான். எழுதுவது மலையாளத்தில், வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பேசுவது தமிழில். ஒருமுறை பாகப்பிரிவினைக்கு மூல ஆதாரம் தேடியபோது, பழைய வீடொன்றின் மச்சிலிருந்து ஓலைக்கட்டு ஒன்றை எடுத்து வந்தார்கள். பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகக் கேட்டேன். வயல், அதன் நாலதிர் (நான்கு எல்லை), கரைப் புரையிடம் (வீட்டு மனை), தென்னை இத்தனை, பலா இத்தனை, குளத்தில் பங்கு. அதற்கடுத்து, மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல், ஆளடியார், அதாவது அடிமைகள். ஓர் ஆணின் பெயர். பிறகு "டியான் பெண்டு, டியான் பிள்ளை இரண்டு".

"டி" என்றால் மேற்படி. "டி வயல்", "டி புரையிடம்" என்று நாங்கள் நாளுக்கு நூறு தடவை எழுதுகிற எழுத்து. அன்று அந்த எழுத்து ஒரு பெண்ணின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நின்றது. அவளுக்குப் பெயர் எழுத யாருக்கும் தோன்றவில்லை. பலாமரத்துக்கு யாராவது பெயர் எழுதுவார்களா? வந்தவர்களுக்கு அதிர் மட்டும் போதும். ஓலையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் போதவில்லை. அன்றிலிருந்துதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இது அபூர்வமான ஓலையும் இல்லை. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பார்த்துப் படித்தார். பின்னாளில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைத் தொகுத்து விளக்கினார். அவற்றிலும் அடிமை ஆவணங்கள் உண்டு. ஆளோலை, அதாவது ஆளை அடிமையாக எழுதிய ஓலை, என்ற சொல்லோ அதைவிடப் பழையது. பெரியபுராணத்தில் புத்தூர்க் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, மாப்பிள்ளை சுந்தரர் தன் அடிமை என்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஆளோலை காட்டி வழக்கிலும் ஜெயிக்கிறார். அந்தணன் எப்படி அடிமையாவான் என்றுதான் பந்தலில் வியப்பு. ஆளுக்கு ஓலை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. இந்தக் கதையை நாம் பக்தியோடு கேட்டு வளர்ந்தோம், அந்தச் சொல் மட்டும் நம் காதில் விழவே இல்லை.

இனி எண்ணிக்கை. 1836-ல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த மக்கள் 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேருக்கு ஒருவர். பெரும்பாலும் புலையர், பறையர், குறவர், நம் தெற்குத் தாலுகாக்களில் பள்ளரும். இவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களில் ஜன்மிகளும் (நிலவுடைமையாளர்கள்) கோயில்களும் உண்டு, அரசும் உண்டு. சர்க்கார் அடிமைகள் என்றே தனி வகை இருந்தது.

மலபாரில் 1800, 1801-ல் சுற்றிப்பார்த்த பிரான்சிஸ் புக்கானன் அடிமைகளைக் கைமாற்றும் மூன்று வழிகளை எழுதி வைத்திருக்கிறார்: ஜன்மம், காணம், பாட்டம். நிலத்துக்கு என்ன முறையோ அதுவே ஆளுக்கும். ஜன்மம் என்றால் தீர் விற்பனை. காணம் என்றால் கடனுக்கு ஈடாகக் கொடுப்பது. பாட்டம் என்றால் வருடத்துக்கு இவ்வளவு என்று வாடகை. இந்த மூன்றில் காணமும் பாட்டமும்தான் மிகக் கொடியவை என்று அவரே சொல்கிறார், ஆளை எடுத்தவனுக்கு வேலையைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைப்பதில்தான் லாபம் என்பதால். கணவன் ஒரு தம்புரானுக்கும் மனைவி இன்னொரு தம்புரானுக்கும் சொந்தமாக இருக்கலாம். பிறக்கும் பிள்ளை யாருக்கு என்பதற்கும் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் வழக்கம் இருந்தது. அமெரிக்கப் பாடத்தில் எதைப் பார்த்து நீங்கள் கண் கலங்கியிருப்பீர்களோ, அது நெய்யாற்றங்கரையிலும் கல்குளத்திலும் வழக்கு மரியாதையாக நடந்தது.

கடல் வழி வியாபாரமும் இருந்தது. கொச்சியிலிருந்த டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் வாங்கிய ஆட்களைத் தென்னாப்பிரிக்காவின் கேப் வரை கொண்டுபோனார்கள். அங்குள்ள பழைய பதிவேடுகளில் "வான் மலபார்" என்று முடியும் பெயர்கள் இன்றும் கிடக்கின்றன. வட மலபாரில் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்துக்காக மர்டோக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் வாங்கிய ஆட்களில், திருவிதாங்கூரில் திருடிப் படகேற்றிய குழந்தைகளும் இருந்தார்கள். தாமஸ் பேபர் என்ற நீதிபதி 1811, 1812-ல் விசாரித்து அவர்களை மீட்டார்.

இந்த முறை எப்படி நின்றது என்று கேட்டால் சவுக்கைச் சொல்வார்கள். சவுக்கு இருந்தது. அதைவிட ஆழமாக இறங்கியது பேச்சு. 1859-ல் இங்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மெட்டீர் எழுதியதைப் படித்துவிட்டு நான் அன்று சாப்பிடவில்லை. புலையர் "நான்" என்று சொல்லக்கூடாது. "அடியேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "என் கண்", "என் காது" கிடையாது; "பழங்கண்", "பழங்காது". தின்பது சோறு அல்ல, கரிக்காடி. பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லக்கூடாது, கன்று, குரங்கு. தன் உடம்பு முழுவதையும் தன் வாயாலேயே இழிவாகச் சொல்ல வைத்தபிறகு சங்கிலிக்கு அவ்வளவு தேவை இருப்பதில்லை. பெருமாள் முன்னால் "அடியேன்" என்று சொல்கிறவர் விரும்பிச் சொல்கிறார். வயல் வரப்பில் நின்று அதைச் சொன்னவளுக்கு வேறு சொல் இல்லை.

இப்போது தோள்சீலைக்கு வருகிறேன். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். அதை நாம் எல்லோரும் மழுப்பிவிடுகிறோம்.

நாடார்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். அவர்கள்மேல் விழுந்தது ஊழியம். கூப்பிட்டபோது கூலியில்லாமல் போய்ச் சுமக்க வேண்டும், கோயிலுக்கும் கொட்டாரத்துக்கும் (அரண்மனைக்கும்) விறகும் உப்பும் ஓலையும் கொண்டு கொடுக்க வேண்டும். இதற்குமேல் தலைவரி. பனையேறினால் ஏணிக்காணம், தளைக்காணம் என்று ஏணிக்கும் தளைக்கும் தனித்தனி வரி. பெண்கள் இடுப்புக்குமேல் மறைக்கக்கூடாது, இடுப்பில் குடம் வைக்கக்கூடாது. கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாடார் குடும்பம் பனைவிளை வைத்துக்கொள்ளலாம். தாங்க முடியாவிட்டால் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்விடலாம். அவரை யாரும் ஓலை எழுதி விற்க முடியாது. புலையரும் பறையரும் விற்கப்பட்டார்கள். ஊழியம் செய்தவர்களின் போராட்டத்துக்கு இன்று சிலையும் மண்டபமும் விழாவும் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களின் வரலாற்றை அதே மேடையில் ஒரு வரியில் தாண்டிப் போகிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான். இப்போது பேசுவதில்லை.

போராட்டம் சின்னது என்று இதற்குப் பொருள் இல்லை. கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் கர்னல் மன்றோ திவானாகவும் இருந்த காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. பெண்களுக்கு அது போதவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடுவது போலவே தோளில் சீலை போட்டார்கள். சந்தையில் மேல்சாதியார் சீலையைக் கிழித்தார்கள். பெண்கள் மறுநாளும் போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்குளத்திலும் சுற்றிலும் 1822-லிருந்து அடிதடி, வழக்கு, ஆலய எரிப்பு. 1829-ல் அரசி விளம்பரம், அதாவது அரசாணை, போட்டார்: தோள்சீலை கூடாது, ஊழியம் செய்தே தீரவேண்டும். இரண்டையும் ஒரே தாளில் போட்டதைக் கவனியுங்கள். துணியும் உழைப்பும் ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி என்று அரண்மனைக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிறகு 1858, 1859-ல் மறுபடி பெருங்கலகம். சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திராடம் திருநாள் அனுமதி கொடுத்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு வால் சேர்த்துத்தான்.

(முலைவரி கேட்டபோது தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்ற சேர்த்தலை நங்கேலி கதையை நிறையப் பேர் இந்த இடத்தில் கேட்பார்கள். அது வாய்மொழி மரபு. அந்த மக்களின் கோபத்தை அது உண்மையாகவே சுமக்கிறது. இந்தப் பதிலின் வாதத்தை நான் அதன்மேல் கட்டவில்லை.)

அடிமை ஒழிப்பின் காகித வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1812-ல் ராணி கௌரி லட்சுமி பாய் ஆள் விற்பனையைத் தடுத்தார். வயலோடு கட்டுண்ட உழவு அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. 1843-ல் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று ஐந்தாம் சட்டம் வந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் சுதேச சமஸ்தானங்கள் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் அது வரவில்லை. 1847-ல் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1853-ல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று விளம்பரம். கொச்சி 1854-ல், திருவிதாங்கூர் 1855 ஜூன் 24-ல் முழுவதும் ஒழித்தன.

இந்தத் தேதிகளை மட்டும் அடுக்கினால், ராணியும் ராஜாவும் மிஷனும் கவர்னரும் தந்த வரம் போல இருக்கும். பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. நான் உறுதியாகச் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. காகிதம் ஒவ்வொரு முறையும் பிறகுதான் வந்தது. அல்லது வந்தபின் பெட்டியில் தூங்கியது, அதை எழுப்ப ஆட்கள் உடம்பைக் கொடுத்து நடக்க வேண்டியிருந்தது.

மிஷன் எப்படி வந்தது என்பதிலேயே தொடங்கலாம். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர், அதாவது பறையர். தஞ்சாவூர் வரை போய் அங்கே 1799-ல் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். எங்கள் ஊருக்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டவர் அவர். அவர் கேட்டுத்தான் ரிங்கல்தௌபே 1806-ல் ஆரல்வாய்மொழி கடந்து உள்ளே வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயிலும் பள்ளியும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அந்த மயிலாடிப் பள்ளிதான். வெள்ளைக்காரர் வந்து விளக்கேற்றினார் என்று சொல்லும்போது, விளக்கு கேட்டுப் பல காதம் நடந்த பறையரை விட்டுவிடுகிறோம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது, லேஸ். நாகர்கோவிலில் 1820-களின் தொடக்கத்தில் மிஷன் பெண்கள் விடுதியில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த விடுதிப் பிள்ளைகளில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். தலையணை மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டு, விரலளவு பூ பின்னி எடுக்க அரைநாள் ஆகும். என் சித்தி பின்னுவதைச் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் ஓடு மேல் மழை விழுவது போல இருக்கும். அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை வாங்கிய பெண்கள் உண்டு. ஓலையில் பெயர்கூட எழுதப்படாதவள், நூலைத் திரித்துத் திரித்துத் தன்னையே தன் பெயருக்கு எழுதி வாங்கினாள். ஆதாரம் எழுதுகிறவனாக நான் கேள்விப்பட்ட தீராதாரங்களில் (விற்பனைப் பத்திரங்களில்) இதைப் போல் இன்னொன்று இல்லை.

அதே காலத்தில் தாமரைக்குளம் பக்கம் அய்யா வைகுண்டர். 1809-ல் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடி சூடும் பெயர் இந்தச் சாதிக்கு ஆகாது என்று முத்துக்குட்டி ஆக்கினார்கள். 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராகத் திரும்பி வந்தார். திருவிதாங்கூர் அரசரை நீசன் என்றார், ஆங்கிலேயரை வெண்நீசன் என்றார். அவர் வழியின் நூலான அகிலத்திரட்டில் இருவருக்கும் இதுதான் பெயர். ஒருவரை எதிர்க்க இன்னொருவரிடம் ஒட்டிக்கொள்ளாத அந்தத் தெளிவு அந்தக் காலத்தில் வேறு யாரிடம் இருந்தது? 1838-ல் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள்.

அவர் செய்ததை விசுவாசமாக மட்டும் பார்க்க வேண்டாம், நடைமுறையாகவும் பாருங்கள். தலையில் துணி கட்டக்கூடாது என்றிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பதிக்குள் (வழிபாட்டு இடத்துக்குள்) வரச்சொன்னார். தண்ணீர் தொடக்கூடாது என்றிருந்தவர்களை முத்திரிக் கிணற்றில் எல்லோரோடும் சேர்ந்து குளிக்க வைத்தார். சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண வைத்தார். கும்பிடப் போனால் எதிரே இருப்பது கண்ணாடி. அவருடைய பதி இருக்கும் சாமித்தோப்புக்கு நான் முதலில் போனபோது வயது பன்னிரண்டு இருக்கும். அப்பா வேட்டித் துண்டால் எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார். காது மறைந்து சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது. உள்ளே விளக்குக்குப் பின்னால் கண்ணாடியில் தலைப்பாகையோடு ஒரு பையன் நின்றான். "பழங்கண்" என்று சொல்லப் பழக்கப்பட்ட ஒருவர் முதல்முதலாக அந்தக் கண்ணாடி முன்னால் நின்றபோது என்ன பார்த்திருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

சாமித்தோப்புக்குப் பக்கத்து மருந்துவாழ் மலையில் பின்னாளில் நாராயண குரு தவமிருந்தார். 1888-ல் நெய்யாற்றங்கரைப் பக்கம் அருவிப்புறத்தில் ஆற்றுக்குள்ளிருந்து கல்லெடுத்துச் சிவனை நிறுவினார். அவருக்கு யோகம் சொல்லிக்கொடுத்தவர் தைக்காடு அய்யா, தமிழர். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் சூப்பிரண்டாக இருந்துகொண்டே எல்லாச் சாதியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர். 1956 நவம்பர் 1-ல் நம் நான்கு தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து, நெய்யாற்றங்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றபின், வைகுண்டரைத் தமிழ்நாட்டுக்கும் குருவைக் கேரளத்துக்கும் பங்கு பிரித்துவிட்டோம். பாதையோ ஒரே பாதை.

அந்தப் பாதையில் வில்லுவண்டி ஓட்டியவர் அய்யங்காளி. 1863 ஆகஸ்ட் 28-ல் வெங்கானூரில், புலையர் குடும்பத்தில் பிறந்தார். அடிமை ஒழிந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒழிந்தது என்றால்? நிலம் கொடுக்கவில்லை, கூலி உயரவில்லை, குடிசை அதே தம்புரான் வயல் வரப்பில். பொது வழிகள் எல்லோருக்கும் திறந்தவை என்று 1865-லேயே அரசு உத்தரவு இருந்தது. நடந்தால் அடி விழுந்தது. 1893-ல் அவர் இரண்டு வெள்ளைக் காளை பூட்டி, மணி கட்டி, வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாக அந்த ரோட்டில் வண்டி ஓட்டினார். காளை, மணி, தலைப்பாகை, துண்டு எல்லாமே அவர் சாதிக்கு விலக்கப்பட்டவை. மறித்தவர்கள் முன்னால் கத்தியை உருவிக்கொண்டு நின்றார் என்பது அங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் கதை.

1898-ல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனார். பாலராமபுரம் சாலியத் தெருவில் மறித்தார்கள்; இவர்களும் திருப்பி அடித்தார்கள். இரண்டு பக்கமும் ரத்தம். அது நெசவுத் தெரு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடியேறித் தமிழ் பேசும் சாலியர் வாழும் தெரு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேரளத்தில் நாம் மொழிச் சிறுபான்மை என்று உரிமை கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் புலையர்கள் நடந்துபோக முடியாத தெருக்களில் நம் மொழி பேசும் தெருவும் ஒன்று.

1907-ல் அவர் தொடங்கியது சாது ஜன பரிபாலன சங்கம். அதே ஆண்டில்தான் எனக்குத் தெரிந்து இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய காரியம்: வயல் வேலை நிறுத்தம். கூலிக்காக என்று நினைப்பீர்கள். கூலியும் ஒரு கோரிக்கைதான். முதல் கோரிக்கை பள்ளிக்கூடம். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்றார்கள், முளைக்கவும் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, அப்பன் பாட்டன் விற்கப்பட்ட மக்கள், பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக நடவுக்கும் அறுப்புக்கும் போகாமல் பட்டினி கிடந்தார்கள். கடற்கரை மீனவர்கள் அவர்களை வள்ளத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு கஞ்சி ஊற்றினார்கள். இந்த மீனவர் உதவியைச் சொல்லாமல் கதையை முடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அது இல்லாமல் ஒரு மாதம் தாங்கியிருக்காது. கடைசியில் மாஜிஸ்திரேட் ஒருவர் நடுவில் நின்று ஒப்பந்தம் முடித்தார்.

1911-ல் திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதி அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அய்யங்காளி நியமன உறுப்பினர் ஆனார். 1915-ல் பெரினாட்டில் புலையப் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகப் போட்டிருந்த கல்மாலையை அறுத்தெறிந்தார்கள். அதற்காகக் குடிசைகளை எரித்தார்கள். அய்யங்காளி கொல்லத்தில் கூட்டம் கூட்டி, ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மீதிப் பெண்களையும் மாலையைக் கழற்றச் சொன்னார். கல்லும் கண்ணாடியும் கோத்த அந்த மாலைகள் குவியலாக மேடை முன்னால் கிடந்தன. தோள்சீலையில் ஒரு துணியைப் போடப் போராடினார்கள்; இங்கே ஒரு மாலையைக் கழற்றப் போராடினார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில் இருக்கிறது: தோள்சீலை அடிமை ஒழிப்புப் போராட்டம் அல்ல, ஆனால் அதே பூட்டின் இன்னொரு பக்கத்தில் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டும் விளங்கும்.

வடக்கே இரவிபேரூரில் பொய்கையில் யோகன்னான் (1879–1939) அடிமை நினைவையே வழிபாடாக்கினார். மாட்டோடு சேர்த்து நுகத்தில் கட்டப்பட்ட தகப்பன், விற்கப்பட்ட தாய், அனாதையாய் நின்ற பிள்ளைகள் என்று அவர் பாடிய மலையாளப் பாட்டுகளை அவருடைய சபையினர் இன்றும் கூடிப் பாடுகிறார்கள். தமிழில் நமக்கு அப்படி ஒரு பாட்டு மரபு இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

1924-ல் வைக்கம், பெரியாரின் சிறை, சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம், 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச விளம்பரம். இவை உங்களுக்குத் தெரிந்தவை, நிற்காமல் போகிறேன்.

தெரியாமல் போவது நிலம்தான். 1970 ஜனவரி 1-ல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, குத்தகைக்காரருக்கு அவர் உழுத வயல் கிடைத்தது. வயலில் குடிசை போட்டிருந்த கூலிக்காரருக்குக் கிடைத்தது குடிகிடப்பு, அதாவது குடிசை நின்ற மனைக்கு மட்டும் உரிமை, பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட். குத்தகைக்காரர் பட்டியலில் பழைய அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அநேகமாக இல்லை. அவர்களுக்கு யார் குத்தகை கொடுத்தார்கள்? அந்தப் பத்து சென்ட் நாலாகப் பிரிந்து இரண்டரை சென்டாகி என் மேசைக்கு வருகிறது. நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். செத்தவரை வீட்டுத் தரையைத் தோண்டிப் புதைத்த குடும்பங்களை நேரில் தெரியும். 2007-ல் செங்கறையில் ரப்பர் தோட்டத்துக்குள் குடிசை போட்டவர்கள் கேட்டது 1855-ல் கொடுக்காமல் விட்டதைத்தான்.

கிழக்கு மலையில் தேவிகுளம், மூணாறு. கங்காணி முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலியிலும் மதுரையிலும் ஆள் பிடித்து மலையேற்றிய தேயிலைத் தோட்டங்கள். ஏறியவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர். 2015 செப்டம்பரில் அவர்களுடைய பேத்திகள், கொழுந்து கிள்ளும் பெண்கள், பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று கூடி ஒன்பது நாள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. போனஸ் 20 சதவீதம் திரும்பி வந்தது. கூலி பிறகு 301 ஆனது. தமிழில் கோஷம் போட்ட அந்தப் பெண்களை நான் கல்மாலையை அறுத்தவர்களின் வரிசையில்தான் வைக்கிறேன்.

2024 ஜூனில் கேரள அரசு பட்டியல் சாதிக் குடியிருப்புகளுக்கு "காலனி" என்ற பெயர் இனி வேண்டாம் என்று உத்தரவு போட்டது. 2025-ல் தமிழ்நாடும் அதையே அறிவித்தது. இப்போது ஆதாரத்தில் விலாசம் எழுதும்போது அந்தச் சொல்லை எழுதாமல் விட முடிகிறது. சிலர் பழக்கத்தில் சொல்வார்கள், நான் "ஊர்ப்பேர் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டு அதை எழுதுகிறேன்.

ஒன்று செய்யுங்கள் தங்கச்சி. ஒரு சனிக்கிழமை களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறிப் பாலராமபுரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து காட்டாக்கடை பஸ்ஸில் ஊருட்டம்பலம். புலையரைப் பள்ளியில் சேர்க்க அரசு உத்தரவு வந்தபின், அய்யங்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப் போய் அங்கேதான் பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். 2022-ல் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள். தீயில் பாதி எரிந்து மிஞ்சிய பெஞ்ச் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டால் காட்டுவார். ஒரு ஓரம் கரிக்கட்டை, இன்னொரு ஓரம் மரம்.